சவரியின் பதினோரு கடிதங்கள்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல இந்த போன் எழுதிக்கொள்கிறது. தகரப்பெட்டியைத் திறந்தேன். என் சிநேகிதன் சவரி எனக்கு எழுதிய கடிதங்கள், பதினொன்று. கரையான் தொடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்து அல்ஜீரியாச் சண்டைக்குப் போனவன். போன வருடம் பிரான்சில் இறந்துவிட்டான். நாளை அவன் மகள் வருகிறாள், கடிதங்கள் வேண்டுமாம். ஒரு கடிதமாவது எனக்கு வேண்டும். எப்படிக் கேட்பது?

வாங்க: மாத்திரை, வெற்றிலை, அந்தப் பெண்ணுக்கு பிஸ்கட்.

செவ்வாய்

மழை விட்டது. ரோஸி வந்தாள். அறுபது வயது, சவரியின் மூக்கு.

"அப்பா தமிழ் படிக்கச் சொல்லிக்குடுத்தாரு மாமா. மெதுவாத்தான் வரும்."

"நீ கையில வச்சுக்க. நான் பாக்காமயே சொல்றேன்."

நீலக் கறை பட்டது நாலாவது. சொன்னேன்: ‘இங்கே மலையும் குளிரும்தான். பக்கத்துப் படுக்கைக்காரன் நேற்றுப் போனான், திரும்பவில்லை. நம் ஊரில் இப்போது நடவா, அறுப்பா? எனக்கு மாதம் மறந்துபோகிறது. உடனே எழுது. தலையில் துண்டு கட்டாமல் வண்டி ஓட்டாதே.’

விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள். "கடைசி வரி இல்லியே மாமா."

"நல்லா பாரும்மா."

"‘உடனே எழுது’ன்னு முடிச்சு கையெழுத்து போட்டிருக்காரு."

ஏழாவதில் ‘பசியோடு படுக்காதே’ இல்லை. ஒன்பதாவதில் ‘இருமலுக்கு வைத்தியரைப் பார்’ இல்லை.

"எங்கப்பா ஊரை நெனச்சே அழுதிருக்காரு. உங்கள ஒரு வார்த்த கேக்கல பாருங்க." சிரித்தாள். பிறகு, "யாரு மாமா உங்களுக்குப் படிச்சுக் காட்டுனது?"

தனம். அரிசிக் கடைக்காரர் மகள். வரிச்சிக்குடியிலிருந்து நெல் ஏற்றி ஓட்டிவந்த வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கடிதத்தை நீட்டுவேன். தலை நிமிராமல் படிப்பாள். அப்போது எங்களுக்குக் கல்யாணப் பேச்சே இல்லை.

அத்தனை தூரத்தில் இருந்தவனுக்கு என் இருமல் எப்படித் தெரிந்தது? ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அப்புறம் ஐம்பது வருடம் கூடவே இருந்தாள். சொல்லவேயில்லை. அவள் போய் நாலு வருடம்.

பிஸ்கட் அப்படியே இருக்கிறது. மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

புதன்

நல்ல வெயில். பதினொன்றையும் கொடுத்துவிட்டேன்.

"ஒரு கடிதமாவது வச்சுக்குங்க மாமா."

வேண்டாம் என்றேன். அதில் இருப்பதெல்லாம் சவரி. தனம் சொன்னது தாளில் இல்லை.

மருந்துக் கடைக்குப் போக வேண்டும். துண்டு கட்டிக்கொண்டேன்.