பர்மிங்காம் கால்வாயும் உன் கல்யாண ஓலையும்

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு,
15.1.79

அன்பு மகள் அமலிக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவின் இருமலையும் என் முட்டிவலியையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் இங்கே சுகம்தான். நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவைத் தினமும் தொந்தரவு பண்ணிக்கொண்டிருக்கிறோம். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது, ஆள் பற்றாமல் மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் ஏற்றி வருகிறார்கள், கணக்கெழுதுகிற ரைட்டர் வேலை போதாதென்று அவர்களைத் தேடிப் பிடிக்கிற வேலையும் என் தலையில். நேற்று பொங்கல், செம்மநத்தம் வெங்கடாசலம் ஒரு தூக்குப் பொங்கலும் கரும்பும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இனி விஷயத்துக்கு வரலாம் என்றால் எதை முதலில் எழுதுவது என்றே தெரியவில்லை கண்ணு, தலை அவ்வளவு குழம்பிக் கிடக்கிறது, முன்னே பின்னே இருந்தால் நீதான் ஒழுங்கு பண்ணிப் படித்துக்கொள்ள வேண்டும்.

அம்மா உனக்கு அக்டோபரில் எழுதச் சொன்னது நினைவிருக்கும். மேட்டூர் பாக்கியநாதன் மகன் கிறிஸ்துதாஸ், மின்சார வாரியத்தில் வேலை, குடி கிடி ஒன்றும் கிடையாது. போட்டோவும் வைத்திருந்தேன். பிப்ரவரி லீவில் நீ வரும்போது கோயிலில் கல்யாணம் வைக்காத தபசுகாலம் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும், பிறகு பெண் அந்த ஊர் வேலையை விட்டுவிட்டு மேட்டூரிலேயே இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். டிசம்பரில் உன் பதில் வந்தது. நர்ஸ் வேலைக்கென்று பர்மிங்காம் போனதிலிருந்து அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாத பிள்ளை நான்கு பக்கம் எழுதியிருக்கிறாளே என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் சத்தமாகப் படித்தேன். முதல் பக்கம் கால்வாய், இரண்டாம் பக்கம் கால்வாய், அடுத்ததும் அதுவே, கடைசியில் லீவு கிடைத்துவிட்டது வருகிறேன், அம்மா மருந்தை விடாமல் குடிக்கவும் என்று முடித்துவிட்டாய். மாப்பிள்ளையைப் பற்றி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, போட்டோ வந்து சேர்ந்ததா என்றுகூட இல்லை. “புடிக்கலீன்னா எழுதியிருக்க மாட்டாளாங்க? வெக்கப்படறா புள்ள, அதான் வாய்க்காலு கீய்க்காலுன்னு என்னமோ எழுதி வெச்சிருக்கறா” என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாக்கியநாதனிடம் பெண்ணுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கால்வாய்க் கதை எனக்குப் புரிந்ததா என்று கேட்டால் பாதி புரிந்தது. நிலக்கரிப் படகு போக அந்தக் காலத்தில் வெட்டியது, மேடு வந்தால் ஏற முடியாமல் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார்கள், அது சரி, நம் எஸ்டேட்டில் ஊற்றிலிருந்து காப்பிப் பழம் உரிக்கிற பல்ப்பர் ஹவுஸுக்கு வருகிற தண்ணீரும் சரிவைச் சுற்றித்தானே வருகிறது. பின்னால் வந்தவர்கள் அவசரத்தில் நேராக ஒன்றை வெட்டிவிட்டார்கள், பழைய வளைவுகள் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் அப்படியே கிடக்கின்றன, அதுவும் ஒருவாறு புரிந்தது. டியூட்டி இல்லாத நாளெல்லாம் நீ ஏன் அவற்றைத் தேடிக்கொண்டு போகிறாய் என்பதுதான் விளங்கவில்லை. வெங்கடாசலத்திடம் சொன்னேன். “ஏனுங்க ரைட்டரே, அது எந்தக் காட்டுக்குங்க பாயுது?” என்றார். எந்தக் காட்டு வெள்ளாமைக்கும் இல்லை என்றேன். அப்படியானால் இப்போது கரி போகிறதா என்றார். அதுவும் நின்றுவிட்டது என்றேன். “அப்பறம் பாப்பா அங்க போயி என்னத்தங்க பாக்குது?” என்று கேட்டார், அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றேன். நீ அனுப்பிய போட்டோவிலும் கறுத்த செங்கல் சுவர், ஓடாமல் நிற்கிற தண்ணீர், ஓர் இரும்புப் பாலம், அதன்மேல் கம்பளித் தொப்பியோடு நீ. எடுத்தது யார் என்பது அம்மாவின் கவலை. உனக்கு நீச்சல் தெரியாதே என்பது என் கவலை.

உன் லீவு குறைச்சல் என்பதால் பங்குச்சாமியார் நீ வருவதற்கு முன்பே கல்யாண ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்துவிடச் சம்மதித்தார். ஏழாம் தேதி பூசையில் முதல் ஓலை. ஸ்தனிஸ்லாஸ், தேவகுமாரி இவர்களின் மகள் அமலி என்று உன் பெயரைக் கேட்டதும் கோயிலே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது, நானும் சிரித்தேன். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று வழக்கம்போல வாசித்து முடித்தார். எத்தனையோ பேர் கல்யாணத்துக்கு அவர் கேட்ட கேள்விதான், அன்றைக்கு மட்டும் என்னைப் பார்த்துக் கேட்பது மாதிரி இருந்தது. ஒண்டிக்கடையில் கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பழைய வளைவில் இறங்கி, முள்ளை விலக்கிக்கொண்டே போய், அது மறுபடி நேர்க் கால்வாயில் சேருகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் அப்பா, மழையில் பாலத்துமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றேன், சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, அடுத்த வளைவைக் கோடையில் பார்க்கப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அங்கே கோடை என்றால் ஜூன், ஜூலை. பிப்ரவரியில் வேலையை விட்டுவிட்டு மேட்டூரில் குடித்தனம் பண்ணப் போகிறவள் ஜூனில் பர்மிங்காமில் எப்படி நடப்பாள்? அம்மாவிடம் கேட்டேன். அவள் கறியைக் கிளறிக்கொண்டே, புள்ள ஏதோ நெனப்புல எழுதியிருப்பா, நீங்க ஒண்ணு என்றாள். இருக்கலாம். நான் அந்த வாரம் முழுக்க ராத்திரியில் அந்த நான்கு பக்கத்தையும் எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாமியாரிடம் போனேன். இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாங்க சாமி என்றேன். அவர் திகைத்துப்போய் என்ன தடை என்றார். மாப்பிள்ளை உறவுமுறை ஏதும் வருகிறதா? இல்லைங்க சாமி. பெண்ணை வேறு இடத்தில் பேசி முடித்திருக்கிறதா? இல்லைங்க சாமி. பையன் மேல் ஏதாவது சொல்கிறார்களா? தங்கமான பையனுங்க. “அப்ப என்னதான்யா தடை?” என்று அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “கால்வாய்ங்க சாமி” என்றேன்.

நேற்று ஓலை வாசிக்கவில்லை. பெற்ற தகப்பனே தடை சொன்னதை இந்தப் பங்கில் யாரும் பார்த்ததில்லையாம். அம்மா என்னோடு பேசுவதில்லை, சோறு போடுகிறாள், அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். நாளை மேட்டூர் பஸ் ஏறிப் பாக்கியநாதனைப் பார்க்க வேண்டும், எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்றும் தெரியவில்லை. நீ வெட்கத்தில்தான் எழுதாமல் விட்டிருந்தால் என்னைப் போன்ற முட்டாள் இந்த மலையில் இல்லை, உடனே ஒரு தந்தி அடி, சாமியாரின் காலில் விழுந்தாவது மறுபடி வாசிக்க வைக்கிறேன். வேண்டாம் என்றாலும் அதை நேராக எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அம்மா கோபித்துக்கொள்வாள், அது என் பாடு. ஆனால் ஏதாவது ஒன்று சொல்லிவிடு, சொல்லாமல் இருந்தால் நாங்கள் எங்களுக்குப் பிடித்த மாதிரி அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம்.

ஞாயிறு பூசைக்குப் போய்விட்டுத்தான் நடக்கப் போகிறாய் என்று நம்புகிறேன். தண்ணீர் ஓரத்தில் பாசி இருக்கும், செருப்பு பார்த்துப் போடு. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், என் ஆசீர்வாதமும், பேசாவிட்டாலும் அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மறந்துவிடாதே. கல்யாணம் உண்டோ இல்லையோ லீவுக்கு ஊருக்கு வா, வரும்போது திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வா. அது உன் கையிலேயே இருக்கட்டும், கேட்டாலும் அம்மாவிடம் கொடுக்காதே, என்னிடமும் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
ம. ஸ்தனிஸ்லாஸ்