கூபேக்குப் புது ஹெட்டர்

வில்பர், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பி ரோலண்டுக்கு,

உன் அண்ணி நடீன் எழுதுவது. அலாஸ்காவின் குளிரில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் நலம். இந்த ஒன்றரை வருஷத்தில் 'நலம்' என்ற சொல்லைப் பொய் கலக்காமல் எழுதுவது இன்றைக்குத்தான்.

நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. சரி, போகட்டும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் கொஞ்சமாவது படிப்பாய் அல்லவா, அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு வந்த மறதி நோய் உன் அண்ணனுக்கு வரவில்லை. மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்று லிங்கன் ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் காகிதத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தடவை படித்துக்கொள்கிறேன். இனி உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் நடந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

போன வருஷம் வசந்தத்தில் ஆரம்பித்தது. ஞாயிறன்று தன் பழைய இரண்டு கதவுக் காரை, அந்தக் கூபேயை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வருவார், வந்ததும் தலைவலி என்று சாய்ந்துவிடுவார். பிறகு மறதி. ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு நம் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு, யாரோ வந்து திறப்பார்கள் என்று தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். திறந்தால் என்னிடம், "டெல்பர்ட் இருக்காரா?" என்று தன் பெயரையே சொல்லிக் கேட்கிறார். நான் சிரித்து மழுப்பி உள்ளே கூட்டி வந்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குளிர்காலத்தில் நன்றாக இருந்தார். மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன். கூபே நவம்பரிலிருந்து மார்ச் வரை போர்வைக்குள் தூங்குகிறது என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை. இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான், எனக்கே தோன்றவில்லை பார்.

மே மாதம் லிங்கனில் பரிசோதனை. கூபேயில்தான் போவேன் என்று அடம். நல்ல மழை, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. நான் என் காரில் பின்னாலேயே போனேன். அவர் வண்டியில் ஏறினாலே எனக்குத் தலை வலிக்கும், அவர் பேச்சால் வருகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஐந்து சொற்களைச் சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒன்றுகூட வரவில்லை. கடிகாரம் வரையச் சொன்னால் எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்து வைத்தார். கடைசியில், மனதில் தோன்றுகிற ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றார்கள். 'ரோலண்ட் இன்றைக்கு வருவான்' என்று எழுதினார்.

நீ இந்த வாசலை மிதித்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஆளை இழந்துவிட்டோம் என்றே முடிவு கட்டினேன்.

ஜூலையில் இரண்டாவது பரிசோதனை. ஆலங்கட்டி மழை வரும் என்று வானொலி சொன்னதால் கூபேயை வெளியே எடுக்கவில்லை, ஒரு வாரமாகவே எடுக்கவில்லை. என் காரில் போனோம். ஐந்து சொல்லையும் கடகடவென்று ஒப்பித்தார். தலைகீழாகவும் சொல்லட்டுமா என்று டாக்டரையே கிண்டல் செய்தார். டாக்டர் பழைய தாளையும் புதுத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ், பண்ணை வீட்டுப் பெண் போலிருக்கிறது, போன தடவை எந்த வண்டியில் வந்தீர்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன். வண்டிக்குள் புகை வாசம் அடிக்குமா என்று அவரிடம் கேட்டாள். "ஹாட் ராட்மா அது, எஞ்சினை முடுக்கி உறும விடுற பழைய வண்டி, பின்ன மல்லிகைப் பூவா மணக்கும்?" என்றார் உன் அண்ணன். அவள் சிரிக்கவில்லை, புகையில் இருக்கிற விஷவாயுவும் மறதியைக் கொண்டுவரும், உடனே வண்டியைச் சோதியுங்கள் என்றாள்.

ஊருக்கு வந்ததும் கர்ட்டிஸைக் கூப்பிட்டேன். உன்னோடு படித்த கர்ட்டிஸ்தான். சைலன்சர் கடையும் நடத்துகிறான், தீயணைப்புப் படையிலும் இருக்கிறான். விஷவாயு அளக்கிற கருவியை கூபேயின் இருக்கையில் வைத்து, கண்ணாடியை ஏற்றி, வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓட விட்டான். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கருவி ஊரைக் கூட்டியது. கர்ட்டிஸ் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, நீங்க உசுரோட நிக்கிறதே பெரிய விஷயம்" என்றான்.

காரணத்தைக் கேட்டால் நீயே தலையில் அடித்துக்கொள்வாய். எஞ்சின் புகையை வெளியேற்ற நீ செய்து கொடுத்த ஹெட்டரில், நான்கு குழாயும் கூடி முடிகிற இடத்தில் ஒரு மூடி வைத்தாய் அல்லவா. சனிக்கிழமை கடைத்தெருவில் நாலு வண்டி கூடினால் இவர் உடனே மூடியைக் கழற்றி உறுமலைக் கேட்கவைப்பார், திரும்பும்போது மூடி மாட்டுவார். ஒவ்வொரு தடவையும் புகை கசியாமல் இடையில் வைக்கப் புது கேஸ்கெட் வேண்டும். அதற்கு இவர் என்ன செய்தார் தெரியுமா? கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டையைக் கத்தரித்து வைத்தார். "ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வைக்கிறான்" என்கிறார். அட்டை கருகி, புகை நேராகக் கதவுக்கு அடியில் வந்திருக்கிறது. உள்ளே கம்பளத்துக்குக் கீழே, பிரேக் ஆயில் ஊற்றுவதற்குத் தரையில் ஒரு ஓட்டை உண்டே, அதன் தகட்டை எடுத்தவர் திருப்பி முடுக்கவில்லை. அடிக்கடி எடுக்க வேண்டியதுதானே என்று சும்மா வைத்துவிட்டாராம். விஷத்துக்கு வாசலைத் திறந்துவைத்து வரவேற்றிருக்கிறார் மனுஷன். அன்றைக்கு நான் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.

இன்னொன்றும் உண்டு. உனக்கு எழுதக் கூடாது என்று அவர் சொன்னதை எழுதுகிறேன். உள்பக்கம், சட்டத்தை ஒட்டி, நான்காவது குழாய் சேருகிற இடத்தில் உன் வெல்டிங்கில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். கர்ட்டிஸ் கண்ணாடி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். இருபத்திரண்டு வருஷச் சூட்டில் யார் வைத்த வெல்டிங்காக இருந்தாலும் விட்டுவிடும், கைக் குற்றமில்லை என்றான். உன் அண்ணன், "இதை அவனுக்குச் சொல்லிடாதே நடீன், கேட்டா அவன் தூங்கமாட்டான். அட்டைனாலதான்னு மட்டும் எழுது" என்றார். நான் மறைக்கவில்லை. எப்படியும் உன் கண்ணில் படத்தான் போகிறது.

அந்த ஹெட்டரை வைத்துக்கொண்டு இனி ஓட்டக் கூடாது என்று சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் தொடங்கியது புது ஹெட்டர் தேடுகிற திருவிழா. மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை, எல்லாம் கேட்டலாக். என் யோசனை வார்ப்பிரும்பு. கம்பெனியில் வருகிற சாதாரண வார்ப்பு, என் பேருந்துக்கு இருந்தது, ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. "அதைப் போடறதுக்கு வண்டியைக் கோழி அடைக்க வச்சுக்கலாம்" என்றார். கர்ட்டிஸ் சொன்னது குட்டை ஹெட்டர். எஞ்சினை ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஸ்டீயரிங் கம்பியில் இடிக்காது, ஸ்டார்ட்டரைச் சுடாது, தனி ஆளாக ஒரு மத்தியானத்தில் மாட்டிவிடலாம். விலையும் குறைவு. "வாஷிங் மெஷின் மாதிரிதான் சத்தம் வரும்டா" என்று அதையும் தள்ளிவிட்டார்.

அவர் எடுத்தது நீளமானது. வெள்ளியாக மின்னுகிற பூச்சு, சூட்டில் வளையாத தடித்த பட்டை, மூடி கீடி ஒன்றும் கிடையாது. அதுவரை நல்லதுதான். ஆனால் ஸ்டீயரிங் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல்தான் இடைவெளி. எஞ்சினைப் பிடித்திருக்கிற போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு அங்குலம் தூக்கி, ஒருவர் அடியில் படுத்துக் குழாயை ஏற்ற, இன்னொருவர் மேலே நின்று வாங்க வேண்டும். கர்ட்டிஸ் படித்துப் படித்துச் சொன்னான், "முழங்கால் ஆபரேஷன் பண்ணின ஆளு நீங்க, இது வேணாம்ணே" என்று. கேட்கவில்லை. சமையலறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்களை ஒட்டி, எஞ்சினில் வைத்து அளவு பார்த்தார். அட்டை என்றாலே எனக்கு இப்போது ஆகாது. அந்தப் பூச்சுக்கு ஆசைப்பட்டுத்தான் எடுத்தார் என்று நினைத்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பெட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது, பிரிக்கவே இல்லை. முதல் சனிக்கிழமை கர்ட்டிஸ் ஜாக்கியோடு வந்து நின்றான், முழங்கால் வலி என்று திருப்பி அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை வந்தான், கேஸ்கெட் வரவில்லை என்றார். கேஸ்கெட் அதே பெட்டியில் இருக்கிறது, மேலேயே எழுதியிருக்கிறது. மேலிருந்து வாங்குவதற்கு நான் வருகிறேன் என்றேன், உனக்குப் பழக்கமில்லை என்றார். நேற்று கர்ட்டிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற யாரை வச்சுதான் மாட்டப் போறீங்க?" என்று கேட்டான். உன் அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "அதை மாட்டினவன்தான் வந்து கழட்டணும்" என்றார்.

ரோலண்ட், அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனி ஆள் மாட்டுகிறதை விட்டுவிட்டு, இரண்டு ஆள் இல்லாமல் மாட்டவே முடியாததை அவர் ஏன் எடுத்தார் என்று. கர்ட்டிஸ் போன பிறகு நேரடியாகவே கேட்டேன், ரோலண்டைக் கூப்பிட வேண்டியதுதானே என்று. "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? அப்பாவை முதியோர் ஹோம்ல கொண்டு விட்டவன் நான்தானே" என்றார்.

இதைப் பற்றி நாம் ஒருவரும் பேசியதில்லை, நான் பேசிவிடுகிறேன். அப்பாவின் அடக்கம் முடிந்து தேவாலயத்து அடித்தளத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "உனக்கும் இதே கதி வரும், அப்பத் தெரியும்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாய். துக்கத்தில் சொன்னது, எனக்குத் தெரியும். அப்பா மூன்று தடவை அடுப்பைத் திறந்துவிட்டு வெளியே போன கதை உனக்குத் தெரியாது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் தடுத்தார். ஆனால் அன்றிலிருந்து சாவியைத் தேடினால்கூட அவர் முகம் மாறிவிடும். என் பெயர் மறந்த நாளில்கூட அந்த வார்த்தை மட்டும் அவருக்கு மறக்கவில்லை. அது பலிக்கவில்லை, தம்பி. கடவுள் புண்ணியத்தில் பலிக்கவில்லை. இது உனக்கும் நிம்மதியாக இருக்கும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி கியர்னியில் பழைய வண்டிகள் எல்லாம் கூடுகின்றன. அதற்குள் மாட்டாவிட்டால், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பழைய ஹெட்டரோடேயே போவேன் என்கிறார். இன்னொரு சாவி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார், நான் தேடாத இடமில்லை. ஒரு தடவை திரும்பக் கிடைத்தவரை மறுபடி அந்தப் புகைக்குள் அனுப்ப என்னிடம் தெம்பில்லை.

வா, ரோலண்ட். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவரும் உன்னிடம் கேட்க மாட்டார், இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு நேராக வண்டிக்கு அடியில் படுத்துவிடு. அவர் மேலே நின்று குழாயை வாங்கிக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொள்ள உங்கள் இருவருக்கும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.

நல்லபடியாகப் பயணம் செய்து நீ வந்து சேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணி
நடீன் குசேரா