பீடி சுட்ட அடையாளம்

நிந்தவூர்
செவ்வாய்க்கிழமை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவல் உங்கள் மேலும் நீங்கள் படுக்கும் வாடிக் குடிசையின் மேலும் இருக்கட்டும். நானும் மகள் ஹிமாயாவும் சுகம்.

கோமாரிக் காட்டில் போன் எடுக்காது என்பதற்காக மட்டும் நான் எழுதவில்லை. பால் வண்டி அழகரெத்தினம் அண்ணனிடம் வாயால் சொல்லி அனுப்ப முடியாத இடத்துப் புண்ணைப் பற்றிய பேச்சு இது. வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

போன கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாறன் முடிச்சுக்குக் கீழே கறுப்பாக ஒரு பொருக்குப் பார்த்தேன். கேட்டதற்கு, உண்ணி கடிச்ச, பீடியால சுட்டு விழுத்தின, சும்மா இரு புள்ள என்றீர்கள். நானும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டுச் சும்மா இருந்தேன். அதற்காக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களோடு மாட்டுப் பட்டி மேய்த்த அப்துல் ஸமட் காக்கா காய்ச்சலோடு ஊருக்கு வந்தது தெரியும்தானே. உடம்பில் கறுத்த புண் ஏதும் இருக்கிறதா என்று டொக்டர் முதல் நாளே கேட்டாராம். பீடி சுட்ட அடையாளம்தான் இரிக்கி, வேற ஒண்டுமில்ல என்று காக்கா சொல்லிவிட்டார். டெங்கு என்று நினைத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் இன்னொரு டொக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, இது நெருப்புச் சுட்டதில்லை, உண்ணி கடித்த இடம் என்றாராம். கடிக்கும்போது உள்ளே போகும் கிருமிதான் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது, ஆனால் அந்த வாடியில் படுத்த எல்லாரையும் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். பெனடோலுக்கு இது அடங்காது. இதற்கென்று மாத்திரை இருக்கிறது, பிந்தாமல் தொடங்கினால் சுகமாகிவிடும் என்று காக்காவின் மனைவி சுபைறா ராத்தாவிடம் சொன்னாராம்.

நேற்றுக் காலை அழகரெத்தினம் அண்ணன் வந்து, ஜவுபருக்கு மேலெல்லாம் நோவும் தலையிடியும், பெனடோல் கேட்டார் என்று உங்களைப் பற்றிச் சொன்னார். பெனடோல் அனுப்பவில்லை.

மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்பீர்கள். என் தம்பி சாஜித் இதே வண்டியில் வருகிறான். நீளக் காற்சட்டை, அதன் மேல் முழங்கால் வரை சொக்ஸ். பந்தடிக்க வந்தவனைப் போல நிற்பான், சிரிக்க வேண்டாம். உண்ணி கடித்தால் சாவண இடுக்கியால் நேரே பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். பீடி வைக்கக் கூடாது.

பால் ஏற்றி முடியும் வரைதான் வண்டி நிற்கும். அவன் இறங்கும்போதே நீங்கள் ஏறிவிடுங்கள். டொக்டரிடம் சாறனை இறக்கிக் காட்ட வெட்கப்படாதீர்கள். பீடி என்ற சொல்லே உங்கள் வாயில் வரக் கூடாது.

காக்காவுக்கு எப்படி என்று நான் இன்னும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை மச்சான். நேற்று லுஹர் தொழுகை நேரத்தோடு மௌத்தாகிவிட்டார். மஃரிபுத் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டார்கள். சுபைறா ராத்தா மாப்பிளையை இழந்தவர்கள் உடுத்தும் வெள்ளையை உடுத்து இத்தா இருக்கிறா. நான் போனபோது, உன்ட மாப்பிளையும் அந்த வாடியிலதானே படுத்த என்று மட்டும் கேட்டா.

எனக்கு வெள்ளை வேண்டாம். வண்டியில் ஏறுங்கள் மச்சான். அல்லாஹ் உங்களை இன்றைக்கே என் கண்ணில் காட்டட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
றிப்னா