வெள்ளிப் பெயின்ட்

ஹோலியோக்,
ஜனவரி 14

அம்மா,

உங்கள் ஆசியைக் கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். பள்ளி வேலை பிடித்திருக்கிறது. இங்கே தோழி ஒருத்திக்கு இருமல். நம் ஊர் குவாயாமாவில் கடையில் விற்கும், நெஞ்சில் தேய்க்கும் பச்சைத் தைலம் இரண்டு பாட்டில் அனுப்புங்கள்.

ஒரு வேடிக்கை நடந்தது. கீழே பாய்லரில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி குழாயில் ஏறி வந்து, என் மாடி அறையின் இரும்பு ரேடியேட்டரைச் சூடாக்க வேண்டும். ஆனால் நான் வந்த நாளிலிருந்தே அது சில்லிட்டுக் கிடந்தது. நான் வருகிறேன் என்று வீட்டுக்காரம்மா கோசின்ஸ்கி அதற்கு ஆசையாக வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார். காற்று வெளியேறும் சிறு துளையும் அதில் அடைபட்டுவிட்டது. உள்ளே நிற்கும் காற்று போனால்தான் ஆவி நுழையும் என்று நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் சொன்னால் அவர் மனம் நோகுமே என்று கோட்டோடு படுத்துக்கொண்டேன்.

நேற்று சூப் கொண்டுவந்த வீட்டுக்காரம்மா என் கோலத்தைப் பார்த்துவிட்டு ரேடியேட்டரைத் தொட்டார்.

“அடிப்பாவி! நீ விறைச்சுப் போனா போலீசுக்கு யாருடி பதில் சொல்றது?”

“பெயின்ட் அழகா இருந்துச்சு, அதான்...”

“அழகையா போத்திக்கிட்டுத் தூங்குவே? வாயை அடைச்சுக்கிட்டுக் குளிர்ல கெடக்குறதுல நீயும் இதுவும் ஒண்ணுதான்!”

கொண்டை ஊசியால் துளையிலிருந்த பெயின்ட்டைக் குத்தி எடுத்தார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. இரும்பு மெல்லச் சூடேறியது.

அம்மா, இங்கே எனக்குத் தோழி என்று யாரும் இல்லை. இருமல் எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்யுங்கள். நான் பேசாமல் இருந்தாலும் உடனே வைத்துவிடாதீர்கள். தபால்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்.

உங்கள்
நெரெய்டா