படத்தில் வராத கண்ணாடி

மார்ச் 3, செவ்வாய்

பர்னிச்சர் கடையில் ஃபோன் எடுத்துப் பதில் சொல்வதுதான் என் வேலை. இன்று முதலாளி ஒரு கேமராவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "போட்டோகிராபர் இனிமே வரமாட்டார். இணையத்துல போடற படத்தையெல்லாம் நீங்களே எடுத்துடுங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள கத்துக்கங்க." முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

எங்கே போய்க் கற்பது? நூலகப் புத்தகம் ஃபிலிம் காலத்தது. பாதிப் பக்கம் இருட்டறையில் படம் கழுவுவதைப் பற்றி. வீடியோ ஒன்றில் ஒருவர் இருபது நிமிடம் தன் பையில் என்னென்ன இருக்கிறது என்று காட்டினார். பாடம் வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கடைசியில் தமிழில் ஒரு குழு அகப்பட்டது. வாரம் ஒரு பாடம். படத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் குறை சொல்வார்கள். திட்டு வாங்கிக் கற்பதுதான் எனக்கு ஒத்துவரும்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் பாடம், ஜன்னல் வெளிச்சம். கூடத்து ஜன்னலோரம் காலி நாற்காலியைப் போட்டு எடுத்தேன். எல்லாரும் 'அருமை' என்று போட்டுவிட்டுப் போனார்கள். அதை வைத்து என்ன கற்பது? 'ஓரக்கண்' என்ற பெயரில் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: "நாலு மணி வரைக்கும் பொறுங்க. அந்த ஜன்னல்ல அப்பதான் கம்பி நிழல் நாற்காலி மேல ஏறும்."

நாலு மணிக்குப் போய் நின்றேன். ஏறியது. கெட்டிக்காரர்தான்.

மார்ச் 11, புதன்

இன்று சமையலறையில் இரண்டு டம்ளர். ஓரக்கண்: "நின்னுக்கிட்டு எடுத்திருக்கீங்க. பின்னாடி மூணாவது படியில உக்காருங்க, டம்ளர் உயரத்துக்குக் கண்ணு வரும்."

படம் முழுக்க டம்ளரும் சுவரும்தான். மாடிப்படி எங்கே தெரிந்தது? டம்ளரில் ஏதாவது பிரதிபலிக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. அனுபவம் இருந்தால் ஊகிக்கலாம் — மூன்றாவது படி என்று கூடவா?

உட்கார்ந்து பார்த்தேன். சரியாக இருந்தது.

மார்ச் 14, சனி

கூடத்தை எடுத்துப் போட்ட படத்துக்கு ஓரக்கண்: "கூடம் இருட்டா இருக்கு. கதவுக்கு எதிர்ல இருக்கிற ஆளுயரக் கண்ணாடி பக்கம் நாற்காலியைப் போடுங்க, வெளிச்சம் திரும்பி அடிக்கும்."

எங்கள் வீட்டில் ஆளுயரக் கண்ணாடியே கிடையாது. அப்பாடா, எல்லாம் குருட்டு ஊகம்தான் என்று சிரித்துக்கொண்டே அந்தச் சுவரைத் தடவினேன். நான்கு ஓட்டைகள். அடைத்து, மேலே வெள்ளை பூசியிருக்கிறார்கள்.

மாமியாரிடம் கேட்டேன். "இங்க கண்ணாடி இருந்துச்சா அத்தை?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா உனக்கு?"

பாதி நறுக்கிய காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

யாரோ வெளியிலிருந்து பார்க்கிறார்களோ என்று ஜன்னல்களுக்கெல்லாம் துண்டு கட்டினேன். "என்ன இது, கோழிக்கூடு மாதிரி?" என்றார் இவர். ஃபோனைக் காட்டினேன். வாசித்தவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது தங்கச்சி மாட்டின கண்ணாடி. உடைஞ்சுபோச்சு. இந்தக் குழுவெல்லாம் இனிமே வேணாம்."

கல்யாணத்துக்கு முன்பு சொன்னதும் இவ்வளவுதான். "ஒரு தங்கச்சி இருந்தா. இப்ப இல்ல." பாவம் என்று நினைத்து, எப்படி என்றுகூட நான் கேட்கவில்லை. ஆறு வருடம் ஆயிற்று. அவளுடைய படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. இது ஏன் இன்றைக்குத்தான் உறைக்கிறது?

மார்ச் 17, செவ்வாய்

யாரோ படியில உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. மூணாவது படியை மிதிக்காமத் தாண்டித் தாண்டி ஏறுறேன்.

மார்ச் 18, புதன்

கேட்டே விட்டேன். "யார் நீங்க?"

பதிலுக்கு, முதல் நாள் போட்ட நாற்காலிப் படத்தின் கீழே புதிதாக ஒரு வரி: "இடது ஓரத்துல அம்மாவோட விரல் வந்திருக்கு. கையைப் பாதியில வெட்டாதீங்க. அவங்கள முழுசா எடுங்க."

அம்மாவோட.

பெரிதாக்கினேன். நாற்காலி முதுகைப் பிடித்தபடி இரண்டு விரல்கள். எடுக்கும்போது நான் பாக்கவே இல்லையே — அத்தை எப்ப அங்க வந்து நின்னாங்க? செத்துப்போனவங்க வந்து படத்துல குறை சொல்லுவாங்களா?

மார்ச் 21, சனி

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அத்தையிடம் ஃபோனை நீட்டினேன். மூன்று தடவை வாசித்தார். பிறகு அந்த எழுத்தை விரலால் தடவினார்.

"எம் பொண்ணு."

"அவங்க இப்ப இல்லன்னு..."

"இல்லன்னா செத்துட்டான்னு அர்த்தமாடி? இந்த வீட்டுல இல்லன்னு சொன்னோம்."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மாமா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மகள் அவரைத் தினமும் படம் எடுத்தாளாம். கடைசி நாள், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் எடுத்தாள். அவர் போன பிறகு அதை ஒரு கண்காட்சியில் பெரிதாக மாட்டினாள். பார்த்துவிட்டு வந்த இவர், "அப்பா சாவை ஊருக்குக் காட்டுறியா, போடி வெளியே" என்றார். போய்விட்டாள். அவள் தன்னையே படமெடுத்துப் பழகிய அந்த ஆளுயரக் கண்ணாடியை மறுநாள் இவர் கழற்றி உடைத்தார். அது உடைந்தது அவளுக்குத் தெரியாது.

"நான் அங்கயே தான் நின்னேன். ஒரு வார்த்த சொல்லலடி, போகாதேன்னு."

மார்ச் 22, ஞாயிறு

அத்தை தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். சிரிக்கச் சொன்னேன். "வேணாம். இப்படியே எடு."

குழுவில் போட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வெளிச்சம், கோணம் எதைப் பற்றியும் ஒன்றுமில்லை.

"அம்மா இளைச்சுட்டாங்க."

கொஞ்ச நேரத்தில் தனிச்செய்தியில் ஒரு முகவரி.

மார்ச் 25, புதன்

இவரிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்க, இல்ல?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அத்தை தட்டை எடுக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை போறேன்டா" என்றார். குரல் துளிகூட நடுங்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. அத்தை ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், தூங்கவில்லை.

இவர் வரவில்லை. ஆனால் நிறுத்தம் வரை எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னாலேயே நடந்து வந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அத்தையைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னார்.

"அவ இப்ப எப்படி இருக்கான்னு... ஒரு படம் எடுத்துட்டு வா."