வெளுக்காத மூன்று துணிகள்

உயிலங்குளம்
27.01.2025

இல்லை றினோ, வெந்நீர் கூடாது. முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரில் போட்டால் கறை துணிக்குள்ளேயே குடியிருந்துவிடும்.

உன் துண்டுக் காகிதம் வந்து சேர்ந்தது. மீன்காரத் தாவூது காக்கா பெட்டியில் செருகிக்கொண்டு வந்தார். பாதி நனைந்து, சூடை மீன் வாசத்தோடு. ஆனாலும் உன் எழுத்து. ஹொஸ்டலில் ஒரே மேசையில் நான்கு வருஷம் பார்த்த எழுத்து. பிள்ளைப்பேற்று நாற்பது முடியும்வரை உன் ஃபோனை மாமி அலுமாரிக்குள் பூட்டிவிட்டா என்று காக்கா சொல்லிச் சிரித்தார். நல்லதுதான். எழுது.

பொதியில் இருபத்தொரு துணிகள் இருக்கின்றன. எல்லாம் என் அபிசாவுக்குக் கட்டியவை. அவள் பிறந்த வருஷம் கடைகளில் பிள்ளைக்குக் கட்டும் நப்பி இல்லை. இருந்ததன் விலையைத் தொட முடியவில்லை. என்னவர் கீர்த்தனனின் பழைய வேட்டிகளைக் கிழித்து, மடித்துத் தைத்தேன். புதுத்துணி உறிஞ்சாது. பழசுதான் குடிக்கும்.

முக்கோணமாக மடி. உன்னுடையவன் ஆண்பிள்ளை, ஆகவே தடிப்பு முன்பக்கம் வரட்டும். ஊசி குத்தாதே, முடிச்சுப் போதும். நனைந்ததும் மாற்று. மற்றதை, மலத்தை, முதலில் தட்டிவிட்டு அலசு, பிறகு சவர்க்காரம், பிறகு வெயில். வெளுப்பது வெயில்தான். நாங்கள் வெறும் கூலியாட்கள்.

மூன்றை மட்டும் நான் அனுப்பவில்லை. அபிசாவின் மஞ்சள் மலக் கறை அவற்றில் தங்கிவிட்டது. கடுகு அரைத்துப் பூசியதுபோல. உனக்குத் தர வெட்கமாக இருந்தது.

ஒன்று சொல்லவேண்டும். அந்த முதல் வாரம் எனக்கு அதிர்ச்சி. அன்பு வரும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு துணி வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

உன்,
யது


எருக்கலம்பிட்டி
03.02.2025

யது,

பதினேழு. நேற்று மட்டும். எண்ணி முடித்துவிட்டுக் கொடியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதுவரை கடை நப்பிதானே. சுருட்டுவேன், ஒட்டுவேன், குப்பைக்குப் போகும். உள்ளே என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது எல்லாம் கைக்கு வருகிறது. மூன்றரைக் கிலோ உடம்பு. அதற்குள் ஒரு குளம் இருக்கிறது.

அஸாம் கட்டாரிலிருந்து மாமியின் ஃபோனுக்கு எடுத்து, பெட்டி பெட்டியாக நப்பி அனுப்புகிறேன், ஏன் இந்தக் கஷ்டம் என்கிறார். மாமி வாசலில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறா: "எங்கட மருமகள் கம்பஸ் படிச்சவ. இப்ப மூத்திரத் துணியில ரெண்டாவது பட்டம் எடுக்குறா." எனக்கே சிரிப்பு வந்தது. மாமியை நீ பிழையாக நினைக்காதே. இராத்திரியில் நான் கண் மூடினால் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறா.

என்னை விடமாட்டேன் என்கிற ஒன்று இருக்கிறது. துணிகளை மஞ்சள் பிடிக்கிறது. மற்றதால் இல்லை, மூத்திரத்தில் நனைந்த துணிகள்தான். தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல. மாமி கிணற்றைக் குற்றம் சொல்கிறா. எங்கள் கிணற்றில் வடித்தால் சோறே மஞ்சள்தானே, துணி எம்மாத்திரம் என்கிறா. உன் இருபத்தொன்றையும் பாழாக்கிவிடுவேன்போல. என்ன செய்ய?

றம்ஸீன் நல்லாய்க் குடிக்கிறான். நல்லாய் அழுகிறான்.

றினோஸா


உயிலங்குளம்
08.02.2025

றினோ,

உங்கள் கிணற்றை எனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு வந்து இரண்டு நாள் நின்றபோது என் வெள்ளைச் சல்வாரை அதில்தான் அலசினேன். இன்றைக்கும் அது வெள்ளையில்லை. மாமி சொல்வது சரி.

கிணற்றில் தோய். ஆனால் கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர். வாளிக்குப் பாதித் தேசிக்காய் பிழிந்து விடு. அரைமணி ஊறட்டும். பிறகு ஈரத்தோடேயே வெயிலில் விரி, பிழியாதே. இரண்டாம் நாளே மஞ்சள் போய்விடும். இதில் நான் பேராசிரியர், நம்பு.

மூத்திர மஞ்சள் பெரிய விஷயம் இல்லை. மற்றக் கறை எப்படி? அதுதான் உண்மையான போர். நான் அதோடு மல்லுக்கட்டி அழுதிருக்கிறேன்.

இங்கே அறுவடை முடிகிறது. வீட்டுக்குள் முழுக்க நெல்தூசி. அபிசா தன் துணிகள் எங்கே என்று கேட்டாள். றம்ஸீன் தம்பிக்கு என்றேன். யோசித்துவிட்டு, திருப்பித் தருவானா என்றாள்.

யது


எருக்கலம்பிட்டி
14.02.2025

போரே இல்லை யது. நீ வீணாய்ப் பயமுறுத்திவிட்டாய்.

கடுகும் இல்லை, கறையும் இல்லை. வெள்ளையாகப் போகிறான். இடியப்பத்துக்குக் குழைத்த மாப்போல. ஒரு தரம் அலசினால் துணி சுத்தம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, பால்மாதிரித்தான் போகும் என்று மாமிக்குப் பெருமை. பக்கத்து வீட்டுக்கும் சொல்லியாயிற்று. நீ அழுத அழுகைக்கு நான் கொடுத்துவைத்தவள்.

ஆனால் அந்த மூத்திர மஞ்சள். குழாய்த் தண்ணீர், தேசிக்காய், வெயில், நீ சொன்ன எல்லாம் செய்துவிட்டேன். வெளுக்கிறது, அடுத்த நாள் அதைவிடக் கூடுதலாய்ப் பிடிக்கிறது. மாமியின் வெள்ளைத் தொழுகைத் துணியையும் அதேமாதிரித்தான் கிணற்றில் தோய்த்து, தேசிக்காயில் அலசினேன். அது வெள்ளையாகவே கொடியில் கிடக்கிறது. எனக்கு விளங்கவில்லை. நீதானே பேராசிரியர்.

அவனைப் பார்த்தால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பொன் நிறம். கண்ணின் வெள்ளைகூட லேசாய்ப் பொன். அஸாமின் வாப்பா அப்படித்தானாம். பத்தாம் நாள் பிள்ளையை நிறுக்க வந்த மாது, காலை வெயில் காட்டினால் மஞ்சள் வடிந்துவிடும் என்றா. காட்டுகிறோம். இனி அவ வருவது நாற்பத்திரண்டாம் நாளில்.

பதினெட்டாம் திகதி நாற்பது. கட்டாயம் வா. ஃபோனும் அன்றைக்குத்தான் விடுதலை.

உன்,
றினோஸா


உயிலங்குளம், பஸ் தரிப்பிடம்
17.02.2025, காலை

றினோ,

பஸ் வரும்வரை எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது. வந்ததும் கையில் தருவேன். வாசி.

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. சனி, ஞாயிறு காக்கா இந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையை நிறுக்க வந்த ஜெஸ்லியா அக்கா, எங்கள் குடும்பநல மாது, என் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. நான் சிரித்துச் சிரித்து வாசித்துக் காட்டினேன். இடியப்ப மா என்ற இடத்தில் அவ சிரிக்கவில்லை.

இன்னொருதரம் வாசி என்றா. வாசித்தேன்.

எத்தனை நாள் பிள்ளை என்றா.

முப்பத்தொன்பது.

கோப்பையைக் கீழே வைத்தா. அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னா: "பச்சைப் பிள்ளையின்ர மூத்திரம் துணியில கறை பிடிக்காது தங்கச்சி. பிடிச்சா, அது கிணறில்லை."

அதற்குப் பிறகு அவ சொன்னதில் பாதிதான் எனக்குள் போனது. போனதை எழுதுகிறேன். பிள்ளையின் மலத்துக்கு நிறம் தருவது பித்தம். வெள்ளையாகப் போனால் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை. எங்கோ அடைபட்டு, இரத்தத்தில் ஏறி, கண்ணிலும் தோலிலும் மூத்திரத்திலும் நிற்கிறது. வேறு காரணமும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல ஏலாது. ஆனால் பித்தக் குழாய் அடைப்பாக இருந்தால் சத்திரசிகிச்சை வேண்டும். அறுபது நாளுக்குள். பிந்தப் பிந்த ஈரல் கெட்டுவிடும். இன்றைக்கே காட்டவேண்டும். நாளைக்கு இல்லை.

அவன் பொன் இல்லை றினோ.

நீ இரண்டு தரம் எழுதினாய். தேயிலைச் சாயம் என்றாய். தொழுகைத் துணி வெளுத்தது என்றாய். பிள்ளை ஒவ்வொரு நாளும் துணியில் எழுதிக்கொண்டே இருந்தான். அதை எப்படி அழிப்பது என்று நான் உனக்குச் சொல்லித் தந்தேன். தேசிக்காய் வேறு.

மாமியின் ஃபோனுக்கு எடுத்தேன். நீ நித்திரை என்றா. நாளைக்கு நாற்பது, கிடாய் வந்து வளவில் நிற்கிறது, சனம் வரப்போகிறது, நாளையண்டைக்குப் பேசலாம் மகள் என்றா. மாமி, பிள்ளையின்ர நிறம் என்று தொடங்கினேன். "தங்கம்," என்றா. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னா. வைத்துவிட்டா. திரும்ப எடுக்க, எடுக்கவில்லை.

ஆகவே இன்றைய துணிகளைத் தோய்க்காதே. இனி ஒன்றையும் தண்ணீரில் போடாதே. நனைந்ததும் மற்றதும், இருக்கிறபடி ஒரு பையில் போட்டு வை. டொக்டர் பார்க்கவேண்டும். ஜெஸ்லியா அக்கா மன்னார் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறா. கையில் வைத்திருக்கிறேன். ஈரமாகிவிட்டது.

என்னைக் கோபி. பிறகு கோபி. இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது.

மாமி என்னை நம்பமாட்டா. கம்பஸ் படித்த இன்னொருத்தி என்பா. அவவுக்குச் சொல்லி விளங்காது, காட்டத்தான் வேண்டும். பால் மட்டும் குடித்த பிள்ளையின் துணி எப்படி இருக்கும் என்று.

யது

அபிசாவைப் பக்கத்து வீட்டில் விட்டேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து வெளுக்காத மூன்றையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன். பத்து ஐம்பது பஸ் வந்துவிட்டது, ஏறுகிறேன்.