ரத்தம் பத்தாதென்று கொடுத்த மாத்திரை

லிந்துலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிலக்ஷிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், இல்லையென்றால் இல்லை என்றே எழுது. ரிஸ்வி நானாவின் மகன் ஹஸ்ஸான் லீவு முடிந்து வியாழக்கிழமை ருமேனியாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தேயிலையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் எதை எழுதினாலும் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறாய். அழைத்தால் எடுப்பதில்லை, வேலையில் நிற்கிறேன் என்று எழுதுகிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை.

இங்கே மழை விடவில்லை. அப்பாவுக்கு இருமல் வந்து போய்விட்டது. நீ ஓடி ஜெயித்தபோது கோயில் பொடியன்மார் பஸ் ஹோல்டில் கட்டிய உன் பேனர் இன்னும் தொங்குகிறது, முகம் வெளிறிப்போய் உயர்த்திய இரண்டு கைகள் மட்டும்தான் தெரிகின்றன. அதைக் கழற்றிவிட்டுப் புதிது கட்டப் போகிறார்களாம், சர்மிளாவின் படத்தைப் போட்டு. மீனம்மாவின் மகள் சர்மிளாதான், நீ காலையில் பெக்டரி ரோட்டில் ஓடும்போது வெறுங்காலோடு உன் பின்னால் ஓடி வருவாளே, அவளுக்கு இப்போது பதினாறு வயது. மாகாணப் போட்டியில் மூவாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்திருக்கிறாள். உனக்கு ஓட்டம் பழக்கிய மாஸ்டர்தான் அவளையும் தெரிவு செய்திருக்கிறார். ஸ்கூல் லீவு விட்டதும் நுவரெலியாவில் அவருடைய முகாமுக்குப் போக வேண்டும்.

போன வாரம் மீனம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி நேராக நம் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அந்த மாஸ்டரை நம்பலாமா என்று கேட்டாள். நீ அவரிடம் பயிற்சி எடுத்தவள், நான் படித்தவள், அதனால் என்னிடம் வந்தாள். பிள்ளைக்கு ரத்தம் பத்தாது என்று மாஸ்டரே மாத்திரை கொடுத்திருக்கிறார், முகாமுக்கு வந்தால் ஊசியும் போடுவாராம் என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். சர்மிளாவும் கூட வந்திருந்தாள். மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். சின்னப் பொலித்தீன் பையில் இருந்தது, பெயரும் இல்லை, திகதியும் இல்லை. மலசலகூடம் போகும்போது கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு இல்லை என்றாள். தோட்டத்தில் கிளினிக் இரும்பு மாத்திரை விழுங்காத பெண் ஒருத்தியும் இல்லை, விழுங்கினால் எப்படிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இது இரும்பு இல்லை என்று மீனம்மாவிடம் சொன்னேன். வேறு என்ன என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது, தெரியாததைத் தெரிந்ததுபோல் நான் சொல்லவில்லை. ஆனால் உனக்கும் அவர் ரத்தம் பத்தாது என்றுதான் தொடங்கினார். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் ஒருவரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மீனம்மா பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, “உங்க புள்ள முழங்கால் போயித்தானே டீச்சர் ஓடாம நின்னுச்சு, அதுக்கும் மாத்திரைக்கும் என்னங்க” என்று கேட்டாள். முழங்கால் என்று சொல்லச் சொன்னது நீ, நாங்களும் இரண்டு வருடமாக அதையே சொல்லி வருகிறோம். வீராங்கனை ஒருத்திக்கு ஊக்கமருந்துக்காக நான்கு வருடத் தடை என்று சிங்களப் பேப்பரில் பெயரில்லாமல் வந்த நாலு வரியை இங்கே ஒருவரும் வாசிக்கவில்லை. போகும்போது மீனம்மா வாசலில் திரும்பி, “எம்புள்ளையும் கொழுந்துக்கே போகட்டும்னு நெனைக்கிறீங்களா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் போன பிறகு அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்திருந்தது, அதைக் கழுவி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து சர்மிளா தனியாக வந்தாள். அது இரும்பு இல்லை என்று அவளுக்கு முதலே தெரிந்திருக்கிறது, தெரியாதது தாய்க்கு மட்டும்தான். “எல்லாரும் எடுக்கிறாங்களாம் டீச்சர், எடுக்காதவங்க கடைசியாத்தான் வர்றாங்களாம்” என்றாள். நேரம் கொஞ்சம் குறைந்தால் அடுத்த வருடம் ஆமி டீமில் எடுப்பார்களாம், மாதச் சம்பளம், பென்ஷன், அம்மா மலைக்குப் போகத் தேவையில்லை. நீ குசினி வாசலில் நின்று சொன்னதும் இதேதான், ஆமி டீம் உட்பட. மாஸ்டர் கொடுத்தது என்ன மாத்திரை என்று உனக்குத் தெரியாது என்று எங்களிடம் சொன்னாய். முதல் பைக்கு அது உண்மையாக இருக்கலாம். அடுத்த பைக்கு உண்மையா என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. நான் வாழ்நாளில் ஓடியவள் இல்லை, பக்கத்தில் ஓடுகிறவளின் மூச்சு தன்னைத் தாண்டிப் போகும்போது ஒருத்திக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது.

சர்மிளாவிடம் ஈரல், இருதயம், கொழுப்பு, மாதவிடாய் நிற்பது என்று எல்லாம் சொன்னேன். வகுப்பில் கேட்பதுபோல் கேட்டாள், அதாவது கேட்கவில்லை. உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சொன்னால் அது வெறும் பாடம்தான். உன் முதுகு முழுவதும் பரு வந்ததையும், தாடையில் முளைத்த முடியை நீ பிளேடால் வழித்ததையும், சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்துவிட்டு ஏன் எறிந்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தீபாவளிக்கு நீ வந்து வாசலில் நின்று அம்மா என்று கூப்பிட்டபோது, யாரோ ஆம்பிளை கூப்பிடுகிறார் என்று அப்பா எழுந்து போனார். தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னாய். மற்றதெல்லாம் மெல்லச் சரியாகும், குரல் திரும்புவது கஷ்டம் என்று டொக்டர் பிறகு சொன்னார். அதிலிருந்து நீ வீட்டில் பேசுவதைக் குறைத்தாய், போன பிறகு நிறுத்திவிட்டாய்.

போகிறபோது சர்மிளா ஒன்று கேட்டாள். “அக்கா ஏன் யார்கூடவும் பேசறதில்ல?” அதற்கு வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினேன்.

மாஸ்டரின் பெயரைச் சொன்னால் இனி மலையகப் பிள்ளை ஒன்றையும் ஒருவரும் சேர்க்க மாட்டார்கள் என்று அவர் உன்னிடம் சொன்னதால்தான் விசாரணையில் நீயே வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்லித் தடையைத் தனியாக ஏற்றுக்கொண்டாய். அதைப் பற்றி எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. சேர்த்திருக்கிறார்கள், பார், சர்மிளாவைச் சேர்த்திருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஹஸ்ஸான் உன்னிடம் வந்திருப்பான். என் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நானும் அப்பாவும் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் மரக்கறிப் பாத்திக்குப் போய்விடுவோம், நாங்கள் கேட்க மாட்டோம். நீ அவளுடன் பேசு. புத்தி சொல்லத் தேவையில்லை, சும்மா பேசினால் போதும். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் போதும், அவளுக்கு விளங்கும். நீ அழைக்காவிட்டால் அன்றைக்கே நான் மீனம்மா இருக்கும் லயத்துக்குப் போய் அவளிடம் உன் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் சொல்வேன். புள்ள பேரு கெட்டுப் போகும் என்று அப்பா முதலில் சொன்னார், இப்போது ஒன்றும் சொல்வதில்லை. இது உன்னிடம் அனுமதி கேட்கும் கடிதம் இல்லை, மகள். வேறொருவர் வாயால் தெரிவதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஈரல் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, அங்கே கொம்பனியே செய்து தரும் என்று ஹஸ்ஸான் சொன்னான். வேலை செய்யும் இடம் குளிர் என்றால் இரண்டு சொக்ஸ் போடு. மிளகாய்த்தூள் உறைப்பு, பார்த்துப் போடு. மாரியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் பழைய குரலில் ஒரு மெசேஜ் என் போனில் கிடக்கிறது, பஸ் நானுஓயா தாண்டிவிட்டது, சோறு போட்டு வைங்க என்று. அழிக்கவும் இல்லை, போட்டுக் கேட்பதும் இல்லை. சர்மிளாவுடன் பேசி முடித்த பிறகு விருப்பமென்றால் போனை வைக்காமல் இரு. நான் பாத்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு வர ஐந்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
அம்மா